சிங்கப்பூருக்குக் குடிபோகும் குடும்பம்: ஜும்ஆ, சம்பளப் பிடித்தம், பிள்ளைகள், மையத்து – முன்கூட்டியே என்னென்ன செய்துவைப்பது?

பயான் லெப்பாஸ் பாய்:

அஸ்ஸலாமு அலைக்கும். தங்கச்சி குடும்பம் அடுத்த மாதம் பினாங்கை விட்டு சிங்கப்பூர் போகிறது. மச்சானுக்கு எம்ப்ளாய்மென்ட் பாஸ் (வேலை அனுமதி), சம்பளம் 7,000 சிங்கப்பூர் வெள்ளி, ஆபீஸ் ராஃபிள்ஸ் பிளேஸில். வீடு பெடோக் பக்கம் பார்த்திருக்கிறார்கள். மகளுக்கு ஒன்பது வயது, இங்கே பள்ளிக்கூடத்துக்கு தூடோங் (தலைமுக்காடு) அணிந்து போகிறவள். மகனுக்கு ஆறு. மச்சானின் உம்மா எழுபதைத் தாண்டியவர், சர்க்கரையும் பிரஷரும் உண்டு. அவர் அங்கேயே தங்கப்போவதில்லை, வந்து வந்து போவார்.

இங்கே எல்லாவற்றுக்கும் ஒரு ஏற்பாடு இருக்கிறது. கரியா (பள்ளிவாசல் வட்டாரம்) இருக்கிறது, அகாமா ஆபீஸ் (சமய இலாகா) இருக்கிறது, மையத்து விழுந்தால் (யாராவது இறந்தால்) பள்ளிவாசலுக்கு ஒரு போன் போட்டால் போதும். அங்கே நாம் சிறுபான்மை. எதெல்லாம் தானாக நடக்கும், எதற்கெல்லாம் நாமே அலைய வேண்டும்? நடைமுறை தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள். வேலை, வீட்டு வாடகை விஷயம் வேண்டாம், தீன் சம்பந்தப்பட்டது மட்டும்.

---

கம்போங் கோலம்:

வ அலைக்குமுஸ்ஸலாம் பாய். முதலில் ஒரு விஷயத்தில் மனதைத் தேற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். சிங்கப்பூரில் முஸ்லிம்களுக்குத் தனிச் சட்டமே இருக்கிறது. 1966இல் நிறைவேறிய முஸ்லிம் சட்ட நிர்வாகச் சட்டம், அதன்கீழ் 1968இல் வந்த முயிஸ் (இஸ்லாமிய சமய மன்றம்), அதோடு ஷரியா நீதிமன்றம், முஸ்லிம் திருமணப் பதிவகம் எல்லாம் இயங்குகின்றன. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் முஸ்லிம்கள் 15.6 சதவீதம். அமைப்புகள் இருக்கின்றன, ஆனால் அவை நம்மைத் தேடி வராது. ஜும்ஆவுக்குப் போகாவிட்டால் அபராதம் கிடையாது, ரமலானில் பகலில் சாப்பிட்டால் கேட்க ஆளில்லை. கட்டுப்பாடு முழுக்க வீட்டின் பொறுப்பு. பிள்ளைகள் இதைப் பார்த்துக்கொண்டுதான் வளர்வார்கள் என்பதை அப்பாவும் அம்மாவும் நினைவில் வைத்துக்கொண்டே போக வேண்டும்.

தொழுகை நேரத்தில்தான் முதல் தவறு நடக்கும். இரண்டு ஊருக்கும் கடிகாரம் ஒன்றே, சூரியன் ஒன்றல்ல. சிங்கப்பூர் பினாங்குக்கு ஏறக்குறைய மூன்றரைப் பாகை கிழக்கே இருக்கிறது. பாகைக்கு நாலு நிமிடம் என்று கணக்குப் போட்டால் 14 நிமிட வித்தியாசம். பருவத்துக்கு ஏற்ப இது இன்னும் சில நிமிடம் கூடும் குறையும். போனில் தொழுகை நேரம் காட்டும் செயலி பினாங்கிலேயே நின்றுவிட்டால், சுபுஹ் நேரம் வந்த பிறகும் சஹர் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள், நோன்பு கெடும். ஊர் மாறியதும் இடத்தை மாற்றி, முயிஸ் வெளியிடும் நேர அட்டவணையோடு ஒரு முறை ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வெளியே பாங்குச் சத்தமும் கேட்காது. ஒலிபெருக்கிகளைப் பள்ளிவாசலின் உட்பக்கமாகத் திருப்பிப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. வார்னா 94.2 வானொலியில் பாங்கு வரும். பாங்கு கேட்டு எழும் பழக்கமுள்ளவர்கள், குறிப்பாக உம்மா, இதற்குப் பழகச் சில நாள் ஆகும்.

ஜும்ஆ விஷயத்தில் மச்சானுக்கு வாய்த்த இடம் நல்ல இடம். ராஃபிள்ஸ் பிளேஸிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் தமிழ் குத்பா (ஜும்ஆ பிரசங்கம்) உள்ள இரண்டு பள்ளிவாசல்கள் இருக்கின்றன. சவுத் பிரிட்ஜ் ரோட்டில் 1826இல் சூலியா முஸ்லிம்கள் தொடங்கிய ஜாமிஆ சூலியா பள்ளிவாசல் ஒன்று. தெலுக் ஆயர் ஸ்திரீட்டில் அல்-அப்ரார் இன்னொன்று. பழைய ஆட்களிடம் அல்-அப்ரார் என்றால் தெரியாது, குச்சுப் பள்ளி என்று கேட்க வேண்டும். குடிசையாக இருந்த காலத்துப் பெயர் அது. தேக்கா பக்கம் போனால் டன்லப் ஸ்திரீட்டில் அப்துல் கஃபூர், புகிஸ் பக்கம் பென்கூலன் பள்ளிவாசல், இரண்டிலும் தமிழ் உண்டு. பெடோக் வட்டாரத்தில் மலாய் குத்பாதான் பெரும்பாலும். நம்மவர்களுக்கு அது சிக்கலில்லை. குத்பாவின் தமிழ் வாசகத்தை முயிஸ் தன் இணையதளத்திலேயே போடுகிறது, பிள்ளைகளுடன் வீட்டில் படிக்கலாம்.

சிக்கல் நேரத்தில் இருக்கிறது. இங்கே அரசு அலுவலகங்களில் வெள்ளிக்கிழமை மதிய இடைவேளை 12.15 முதல் 2.45 வரை. அங்கே அப்படி ஒன்று கிடையாது. லுஹர் (நண்பகல் தொழுகை) நேரம் நவம்பரில் 12.50ஐ ஒட்டியும் பிப்ரவரியில் 1.20ஐ ஒட்டியும் வரும். ஆபீஸில் 12 முதல் 1 வரை சாப்பாட்டு நேரம் என்றால் ஆண்டு முழுக்க எந்த வாரமும் ஒத்துவராது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே மேலாளரிடம் வெள்ளிக்கிழமை மட்டும் 12.45 முதல் 2 மணி வரை இடைவேளை எடுத்து, மிஞ்சும் நேரத்தைக் காலையில் ஈடுகட்டுவதாகச் சொல்லி மின்னஞ்சலில் எழுதி வாங்கிவிட வேண்டும். வாய்ப்பேச்சாக விட்டால் மேலாளர் மாறும்போது ஏற்பாடும் போய்விடும். சொந்தக் காலெண்டரிலும் அந்த நேரத்தை மறித்து வைக்கட்டும், யாரும் கூட்டம் வைக்க மாட்டார்கள். சில பள்ளிவாசல்களில் இரண்டு அமர்வாக ஜும்ஆ நடக்கும், எந்த அமர்வில் தமிழ் என்று முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

சம்பளச் சீட்டைப் பார்த்து மச்சான் குழம்பக்கூடாது என்பதற்காக இதையும் சொல்லிவிடுகிறேன். இந்திய முஸ்லிமுக்கு இரண்டு பிடித்தம் உண்டு. ஒன்று பள்ளிவாசல் கட்டட, மெண்டாக்கி (முஸ்லிம் சுய உதவி அமைப்பு) நிதி. இன்னொன்று இந்தியர்களுக்கான சுய உதவி அமைப்பான சிண்டா. 7,000 வெள்ளி சம்பளத்துக்கு முதலாவது 22 வெள்ளி, இரண்டாவது 9 வெள்ளி, ஆக மாதம் 31 வெள்ளி. விருப்பமில்லாதவர் படிவம் கொடுத்து விலகலாம். ஆனால் எதிலிருந்து விலகுகிறோம் என்று தெரிந்துகொண்டு விலக வேண்டும். பழைய கம்பங்கள் (கிராமங்கள்) இடிபட்டு அடுக்குமாடிப் பேட்டைகள் வந்தபோது சுராவ்களும் (சிறு தொழுகை இடங்கள்) போயின. 1975இல் மாதம் 50 காசு என்று ஒவ்வொரு முஸ்லிம் தொழிலாளியின் சம்பளத்திலிருந்தும் சேர்த்துத்தான் புதிய பேட்டைகளில் பள்ளிவாசல் எழுப்பினார்கள். அதில் முதலாவது 1977இல் தோ பாயோவில் வந்த முஹாஜிரின். சிறுபான்மை சமுதாயம் தன் கைக்காசில் கட்டியது. மச்சான் வீட்டருகே தொழப்போகும் பள்ளிவாசலும் அந்தக் காசில் வந்ததாக இருக்க வாய்ப்பு அதிகம். என் கருத்து: விலகக்கூடாது.

இதில் வழக்கமாக நடக்கும் பிழை ஒன்று உண்டு. மனிதவளப் பிரிவு பெயரைப் பார்த்து இனத்தை ஊகித்துவிடும். மலேசியாவிலிருந்து வரும் முஸ்லிம் பெயர் என்றால் மலாய் என்று பதிந்து சிண்டாவை விட்டுவிடுவார்கள். இந்தியர் என்று பதிந்தால் மதத்தைக் கேட்காமல் பள்ளிவாசல் நிதியை விடுவார்கள். சேரும்போது நிரப்பும் படிவத்தில் இனம், மதம் இரண்டையும் தெளிவாக எழுதி, முதல் மாதச் சீட்டிலேயே சரிபார்க்கட்டும். இந்தப் பிடித்தம் ஜக்காத்தில் சேராது, ஜக்காத் தனிக் கணக்கு. இரண்டையும் ஒன்றாக நினைத்து ஜக்காத்தை விடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

விடுமுறையும் குறைவு. நோன்புப் பெருநாளுக்கு ஒரு நாள், ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஒரு நாள். மீலாது விடுமுறையை 1968இல் சிங்கப்பூர் முஸ்லிம்கள் விட்டுக்கொடுத்தார்கள், இந்துக்கள் தைப்பூசத்தை விட்ட அதே ஆண்டு. நுஸூல் குர்ஆன், அவால் முஹர்ரம் எல்லாம் அங்கே வேலை நாள். பெருநாளுக்கு பினாங்கு வர டிக்கெட் போடும்போது கவனம்: இரண்டு நாட்டுக்கும் பிறை எப்போதும் ஒன்றாக வராது. 2022இல் மலேசியாவில் மே 2, சிங்கப்பூரில் மே 3. பெருநாளுக்கு முந்திய நாளும் அடுத்த நாளும் சேர்த்து லீவு போட்டுவைத்தால் எப்படி வந்தாலும் தப்பாது.

---

செபராங் ஜெயா லாத்தா:

பிள்ளைகள் விஷயத்தை நான் எழுதுகிறேன் தம்பி.

மகனுக்குத் தொடக்கநிலை ஒன்று. வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு அந்தப் பதிவின் கடைசிக் கட்டத்தில்தான் வாய்ப்பு. மகள் நடுவில் சேர்வதால் ஏ.இ.ஐ.எஸ். என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டியிருக்கும், ஆங்கிலமும் கணக்கும். இடம் கிடைப்பது நிச்சயமில்லை என்பதால் விண்ணப்ப நாளை இப்போதே பார்த்துவிடுங்கள். நமக்கு ஒரு பெரிய நிம்மதி, அங்கே தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று, அரசுப் பள்ளிக்கூடத்திலேயே தாய்மொழிப் பாடமாகப் படிக்கலாம். இங்கே தேசியப் பள்ளிக்கூடத்தில் போட்டுத் தமிழை விட்ட குடும்பங்கள் பல. அங்கே போய் மலாய்தான் எளிது என்று அதையே தேர்ந்தெடுத்துவிட வேண்டாம்.

தூடோங் பற்றித் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை அங்கே போய்த் தெரிந்துகொள்ளும் பிள்ளைக்கு அது பெரிய அதிர்ச்சி. தேசியப் பள்ளிக்கூடச் சீருடையில் தூடோங் கிடையாது. அரசு மருத்துவமனைத் தாதியருக்கு 2021 நவம்பரிலிருந்து அனுமதி வந்தது, பள்ளிக்கூடத்துக்கு அந்த விதி மாறவில்லை. வாசல்வரை அணிந்து போய் உள்ளே கழற்றி வைப்பது பலரும் செய்வது. ஒன்பது வயது என்பதால் பெற்றோர் உட்காரவைத்து முன்பே பேச வேண்டும். வீட்டில், கடைத்தெருவில், ஓதும் இடத்தில் வழக்கம்போல் அணியலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். முழுநேர மதரஸாவில் தூடோங் சீருடையிலேயே சேர்ந்தது. ஆனால் நாடு முழுக்க ஆறு மதரஸாதான், தொடக்கநிலை ஒன்றில் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஆண்டுக்கு 400 இடம் என்ற வரம்பு. அதை நம்பித் திட்டம் போடக்கூடாது.

ஆகவே ஓதல் வார இறுதியில். பள்ளிவாசல்களில் வயதுவாரியாக வகுப்புகள் உண்டு, ஆங்கிலத்திலும் மலாயிலும். இந்திய முஸ்லிம் பள்ளிவாசல்களில் தமிழில் ஓதிக்கொடுக்கிறார்களா என்று நேரில் போய்க் கேளுங்கள். ஊர்ச் சங்கங்களும் இருக்கின்றன, கடையநல்லூர் முஸ்லிம் லீக் அங்கே 1941இலிருந்து இயங்குகிறது. வகுப்பு இடங்கள் நிரம்பிவிடும், புதிய ஆண்டு ஜனவரியில் தொடங்கும் என்பதால் ஆண்டுக்கடைசிக்கு முன்பே பதிந்துவிட வேண்டும்.

வீட்டுக்கு வந்து ஓதிக்கொடுக்க ஹஜ்ரத் வைத்துக்கொள்வதில்தான் நம்மவர்கள் தெரியாமல் மாட்டிக்கொள்கிறார்கள். சிங்கப்பூரில் மார்க்கம் போதிக்கிற எவரும் பதிவுபெற்ற ஆசிரியராக இருக்க வேண்டும், 2017 ஜனவரியிலிருந்து கட்டாயம். பதிவு அட்டையைக் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை, அவரே எதிர்பார்ப்பார். பினாங்கிலிருந்தோ தமிழ்நாட்டிலிருந்தோ ஒரு ஆலிமை விசிட்டில் வரவழைத்து வீட்டில் நாலு குடும்பத்தைக் கூட்டி பயான் வைப்பதும் கூடாது. வெளிநாட்டுப் பேச்சாளருக்கு அதற்கென்று தனி வேலை அனுமதிச் சீட்டு வேண்டும். குடும்பத்தோடு உட்கார்ந்து மவ்லிது ஓதுவது, யாசீன் ஓதுவது வேறு விஷயம், தாராளமாகச் செய்யலாம். அடுக்குமாடி வீடு, பக்கத்து வீட்டுச் சுவர் மெல்லியது, இரவு பத்தரைக்குள் முடித்துக்கொள்வது மரியாதை.

சாப்பாடு பற்றிப் பயப்பட ஒன்றுமில்லை. முயிஸ் ஹலால் சான்றிதழில் கடையின் பெயர், முகவரி, காலாவதி நாள் மூன்றும் இருக்கும், மூன்றையும் பாருங்கள். உணவு நிலையத்தில் ஒரு கடைக்குச் சான்றிதழ் என்றால் அந்தக் கடைக்கு மட்டும்தான், பக்கத்துக் கடைக்கு இல்லை. 'பன்றி இல்லை, பன்றிக் கொழுப்பு இல்லை' என்று எழுதியிருப்பது ஹலால் ஆகாது. கோழியை யார் அறுத்தார்கள், சமையல் ஒயின் ஊற்றினார்களா என்பது அதில் இல்லை. தட்டைத் திருப்பி வைக்கும் இடத்தில் ஹலால், மற்றவை என்று இரண்டு அடுக்கு இருக்கும். பிள்ளைகளுக்கு முதல் நாளே காட்டிக்கொடுங்கள், மாற்றி வைத்தால் கழுவுகிற இடத்தில் கலந்துவிடும். மலேசிய சமய இலாகாவான ஜாக்கிமின் ஹலால் முத்திரை போட்ட பொட்டலங்கள் அங்கேயும் ஏற்புடையவை.

---

லெபோ சூலியா:

யாரும் மையத்து விஷயத்தை இன்னும் தொடவில்லை. எழுபது தாண்டிய உம்மா வந்து போகிறார் என்றால் இதுதான் முதலில் பேசவேண்டியது. பேசத் தயங்கித் தள்ளிப்போட்டு, அந்த நேரத்தில் ஆளுக்கொரு முடிவு சொல்லிக் குடும்பமே கலங்கி நிற்பதைத் தவிர்க்கலாம்.

சிங்கப்பூரில் இப்போது அடக்கம் நடப்பது சுவா சூ காங்கில் மட்டும். அங்கே 1998இலிருந்து கபுருக்கு (அடக்கக் குழிக்கு) 15 ஆண்டுதான் காலம். அதற்குப் பிறகு அரசு கட்டங்கட்டமாகத் தோண்டி எடுத்து, முஸ்லிம்களின் எச்சங்களைச் சிறிய இடத்தில் பலரையும் சேர்த்து மறு அடக்கம் செய்யும். 2017இல் தெங்கா விமானத் தளத்தை விரிவாக்க அறிவித்தபோது ஏறக்குறைய 35,000 முஸ்லிம் கபுர்களை இடம் மாற்ற வேண்டியிருந்தது. நிலம் குறைந்த தீவு, முயிஸின் ஒப்புதலோடுதான் நடக்கிறது. ஆனால் நம் ஊரில் பாட்டனார் கபுரில் போய் ஜியாரத் செய்து பழகியவர்களுக்கு இது முன்பே தெரிந்திருக்க வேண்டும். 2007இலிருந்து கபுருக்குக் கான்கிரீட் பக்கச்சுவர் முன்கூட்டியே பதிக்கப்பட்டிருக்கும். நிலத்தை மிச்சப்படுத்த வரிசை நெருக்கமாக இருக்கும். பார்த்ததும் மனது சற்றுத் துணுக்குறும், அடக்கமுறை மாறுவதில்லை.

பினாங்குக்கே கொண்டுவரலாமா என்பது அடுத்த கேள்வி. இதில் மத்ஹபை (மார்க்கச் சட்டப் பிரிவை) கேட்க வேண்டும். ஷாஃபி மத்ஹபில் இமாம் நவவி மின்ஹாஜில் சொல்வது, மையத்தை வேறு ஊருக்குக் கொண்டுபோவது ஹராம், மக்ரூஹ் என்ற கூற்றும் உண்டு. மக்கா, மதீனா, பைத்துல் முகத்தஸ் அருகே இருந்தால் மட்டும் விலக்கு. என்னைச் சொந்த ஊருக்குக் கொண்டுபோங்கள் என்று வஸிய்யத் (மரண சாசனம்) செய்திருந்தாலும் நிறைவேற்ற வேண்டியதில்லை என்றும் அவர் எழுதுகிறார். ஹனஃபி மத்ஹபில் ஒன்றிரண்டு மைல் வரை தடையில்லை, அதற்கு மேல் விரும்பத்தகாதது என்போரும் அனுமதிப்போரும் இருக்கிறார்கள். உங்கள் இமாமிடம் உம்மாவையும் வைத்துக்கொண்டே கேட்டு முடிவெடுத்து, பிள்ளைகள் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள்.

கொண்டுவருவதுதான் என்று முடிவானால் சிரமம் என்னவென்று தெரிந்து முடிவெடுங்கள். சிங்கப்பூர் தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் ஏற்றுமதி அனுமதி, மலேசிய சுகாதார அமைச்சின் இறக்குமதி அனுமதி, இறப்புச் சான்றிதழ், கடப்பிதழ், பெட்டியை முத்திரையிட்டதற்கான சான்று இவ்வளவும் சேர வேண்டும். இரு பக்க வேலையும் தெரிந்த ஜனாஸா (இறுதிச் சடங்கு) நடத்துநரைப் பிடித்தால் அவரே செய்வார். அரசு அலுவலகம் மூடியிருக்கும் வார இறுதியில் தாமதமாகும். சாலை வழியே எட்டு ஒன்பது மணி நேர ஓட்டம், அதற்கு முன் அனுமதிகளுக்கு அரை நாள். விமானத்தில் சரக்காக வரும்போது உடலைப் பதப்படுத்தச் சொல்வார்கள். ரத்தக்குழாய் வழியே ரசாயனம் ஏற்றும் வேலை அது, உலமாக்கள் வெறுப்பது. அதனால் சாலை வழியையே முதலில் கேளுங்கள், பதப்படுத்தாமல் கொண்டுவர அனுமதி கிடைக்குமா என்பதையும் அதே மூச்சில் கேளுங்கள்.

இதில் குடும்பங்கள் இடறுவது ஓரிடத்தில். முத்திரையிட்ட பெட்டியை இங்கே வந்து திறக்க முடியாது. பினாங்கில் சொந்தக்காரர்கள் குளிப்பாட்டத் தயாராக, முகம் பார்க்கக் காத்திருப்பார்கள், இரண்டும் நடக்காது. குளிப்பாட்டுவது, கபனிடுவது, தொழவைப்பது மூன்றையும் சிங்கப்பூரிலேயே முடித்துத்தான் பெட்டியில் வைக்க வேண்டும். பெண் மையத்தைக் குளிப்பாட்டும் பெண்கள் வேண்டும், மருமகளும் கூட நிற்க விரும்புவார். நடத்துநரிடம் இதை முதல் போனிலேயே சொல்லுங்கள். விலை கேட்கும்போது மொத்தத் தொகை வாங்காதீர்கள். மயானக் கட்டணம், வேன், குளிப்பாட்டல், கபன், பெட்டி, அனுமதிகள் என்று பிரித்துக் கேளுங்கள்.

வஃபாத் ஆவது (இறப்பது) மருத்துவமனையில் என்றால் காகித வேலை குறைவு. 2022 மே 29இலிருந்து மருத்துவர் இறப்பை இணையத்தில் சான்றளித்ததும் பதிவும் தானாக முடிந்துவிடும், முன்புபோல் ஐ.சி.யை (அடையாள அட்டையை) தூக்கிக்கொண்டு போய்ப் பதிய வேண்டியதில்லை. சான்றிதழ் மின்வடிவில், மை லெகஸி என்ற அரசு இணையதளத்திலிருந்து 30 நாளுக்குள் இறக்கிக்கொள்ள வேண்டும். அன்றே இறக்கி, நாலைந்து பிரதி அச்சிட்டு வையுங்கள். மலேசியாவில் பதிவு இலாகா, வங்கி, ஈபிஎஃப் (சேமநிதி) எல்லாம் காகிதத்தைத்தான் முதலில் கேட்கும்.

வீட்டில் வஃபாத் என்றால் சிரமம் கூடும். வீட்டுக்கு வரும் மருத்துவரை அழைத்து அவர் காரணத்தைச் சான்றளிக்க வேண்டும். முன்பின் அறியாத நோயாளி, வைத்தியக் குறிப்பு எதுவும் கையில் இல்லை என்றால் அவரால் எழுத முடியாது. அப்போது போலீஸுக்குப் போகும், உடல் பிணவறைக்குப் போகும், மரண விசாரணை அதிகாரி பிரேத பரிசோதனை வேண்டுமா என்று தீர்மானிப்பார். அடக்கம் தள்ளிப்போகும், அறுப்பார்களோ என்ற கவலை வேறு. இதைத் தவிர்க்க எளிய வழி உண்டு. உம்மா முதல் முறை சிங்கப்பூர் வந்த வாரத்திலேயே வீட்டருகே உள்ள ஒரு கிளினிக்கில் கொண்டுபோய்க் காட்டிப் பதிந்துவிடுங்கள். பினாங்கில் பார்க்கும் மருத்துவமனையிலிருந்து ஆங்கிலத்தில் ஒரு பக்க நோய்ச் சுருக்கமும் இப்போது சாப்பிடும் மருந்துப் பட்டியலும் வாங்கி, ஒரு பிரதி அந்தக் கிளினிக்கில், ஒரு பிரதி வீட்டில். மருந்து மாறும்போதெல்லாம் பட்டியலையும் மாற்றுங்கள், மூன்று வருடம் பழைய பட்டியல் எதற்கும் உதவாது.

---

பயான் லெப்பாஸ் பாய்:

ஜஸாக்கல்லாஹ் கைர் எல்லோருக்கும். தங்கச்சியையும் மச்சானையும் உட்காரவைத்து வாசித்துக் காட்டினேன். இன்னும் இரண்டு. மச்சான் அங்கே சேர்க்கும் பணம், நாளை ஏதாவது ஆனால் எப்படி வரும்? பிறகு, இங்கே பள்ளிவாசலில் கட்டிவரும் கைராத் கெமாத்தியான் (மரண உதவி நிதி) தொடரலாமா, நிறுத்திவிடலாமா?

---

மஸ்ஜித் இந்தியா, கேஎல்:

முதல் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியும்.

எம்ப்ளாய்மென்ட் பாஸில் இருக்கும்வரை சிங்கப்பூர் சேமநிதியான சிபிஎஃப் கிடையாது. அங்கே சேர்வது வங்கிப் பணம்தான். கணக்கு மச்சான் பெயரில் மட்டும் இருந்தால் வஃபாத் தெரிந்ததும் முடக்கப்படும். வாடகை, பள்ளிக்கூடக் கட்டணம் எல்லாம் அதிலிருந்துதான் போகிறது என்றால் தங்கச்சி கையில் அன்றைக்கே காசு இருக்காது. தங்கச்சி பெயரில் தனிக் கணக்கு ஒன்று, மூன்று மாதச் செலவுக்கான தொகையோடு, போன உடனே திறந்துவிடுங்கள். கூட்டுக் கணக்கும் வைக்கலாம், வங்கி பொதுவாக உயிரோடு இருப்பவருக்குக் கொடுத்துவிடும். ஆனால் வங்கி கொடுத்தது வேறு, வாரிசுப் பங்கு வேறு. அதில் உம்மாவுக்கு ஆறில் ஒரு பங்கு உண்டு, மனைவிக்கு எட்டில் ஒன்று, மீதி பிள்ளைகளுக்கு, மகனுக்கு மகளைப்போல் இருமடங்கு. கடனும் வஸிய்யத்தும் கழிந்த பிறகு.

சிங்கப்பூர் சட்டத்தில் வாரிசுப் பங்கீடு முஸ்லிம் முறைப்படி நடப்பது அங்கே நிரந்தர வாழ்விடம் கொண்ட முஸ்லிமுக்கு. உயில் எழுதினாலும் அவர் பின்பற்றும் மத்ஹபுக்கு உட்பட்டுத்தான் எழுத முடியும். வேலைக்காகப் போய் மலேசியாவுக்கே திரும்ப நினைப்பவருக்கு வாழ்விடம் மலேசியா என்றே கொள்ளப்படும். அப்போது இங்கே ஷரியா நீதிமன்றத்தில் ஃபாரைட் (இஸ்லாமிய வாரிசுப் பங்கு) சான்றிதழும், உயர் நீதிமன்றத்தில் சொத்து நிர்வாக ஆணையும் பெற்று, அந்த ஆணைக்கு சிங்கப்பூர் நீதிமன்றத்தில் மறுமுத்திரை (அங்கீகாரம்) வாங்கினால்தான் அங்குள்ள பெரிய தொகை வெளியே வரும். வழக்கறிஞர் செலவும் பல மாதமும் ஆகும். அதனால் என் யோசனை, தேவைக்கு மேல் அங்கே பணத்தைக் குவிக்காமல் மாதாமாதம் இங்கே அனுப்பிவிடுவது.

பின்னால் நிரந்தரவாசம் வாங்கினால் கணக்கு மாறும். சிபிஎஃப் தொடங்கும், அதற்கு நியமனம் செய்ய வேண்டும். இங்கே ஈபிஎஃபில் முஸ்லிம் நியமிக்கும் ஆள் வெறும் பொறுப்பாளர், பணத்தை வாங்கி ஃபாரைட்படி பிரித்துக் கொடுக்கக் கடமைப்பட்டவர். அங்கே 1971இலிருந்து அதே நிலைதான் இருந்தது. 2010இல் முயிஸ் ஃபத்வா சிபிஎஃப் நியமனத்தை ஹிபா போன்ற செல்லுபடியாகும் கொடையாக ஏற்றது. ஆகவே மனைவியை நியமித்தால் அது மனைவிக்கே போகும். உம்மாவுக்கும் பங்கு போக வேண்டும் என்று மச்சான் நினைத்தால் நியமனத்திலேயே சதவீதம் போட்டு எழுத வேண்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடாது. நியமனமே செய்யாவிட்டால் பணம் பொது அறங்காவலரிடம் போய் வாரிசுச் சான்றிதழ்படி பிரியும். திருமணம் முன்பு செய்த நியமனத்தை ரத்தாக்கும், விவாகரத்து ரத்தாக்காது. இந்த இரண்டாவது பலருக்குத் தெரியாமல் பழைய மனைவி பெயரே நின்றுவிடுகிறது.

---

லெபோ சூலியா:

கைராத்தை நிறுத்தவே வேண்டாம். ஆனால் கட்டிக்கொண்டிருந்தால் மட்டும் போதாது. பள்ளிவாசல் நிர்வாகத்திடம் விதிகளின் பிரதியை வாங்கி மூன்றைப் பாருங்கள். கரியா எல்லைக்குள் குடியிருப்பவருக்கு மட்டுமா, வெளியூரில் இருந்தாலும் செல்லுமா. வெளிநாட்டில் வஃபாத் ஆகி அங்கேயே அடக்கினால் தொகை கிடைக்குமா, அல்லது இங்கே அடக்கம் செய்யும் செலவுக்கு மட்டுமா. எத்தனை ஆண்டுச் சந்தா தவறினால் பெயர் நீங்கும். உம்மாவின் முகவரி பினாங்கிலேயே இருப்பதால் அவர் பெயரைத் தனி உறுப்பினராகப் போட்டுவிடுவது பாதுகாப்பு. பல இடங்களில் அவர் மகனின் குடும்ப அட்டையில்தான் இருப்பார், மகன் எல்லையை விட்டுப் போனால் அவரும் வெளியேறிவிடுவார். சந்தா ரசீதை வாட்ஸப்பில் வாங்கி வையுங்கள். பெடோக்கில் குடியேறியதும் அங்குள்ள பள்ளிவாசலில் இதேபோல் மரண உதவித் திட்டம் இருக்கிறதா, பாஸில் இருப்பவர்களைச் சேர்ப்பார்களா என்று அலுவலகத்தில் கேட்டு, மச்சானும் தங்கச்சியும் அதில் சேர்ந்துகொள்ளட்டும். சேர்ந்த நாளிலிருந்து சில மாதம் கழித்துத்தான் உரிமை தொடங்கும் என்று விதி இருக்கும், அதனால் முதல் மாதத்திலேயே.

இன்னொன்று. இரவு இரண்டு மணிக்கு யாரை அழைப்பது என்று எழுதி வையுங்கள். கிளினிக், வீட்டுக்கு வரும் மருத்துவர், ஜனாஸா நடத்துநர், சிங்கப்பூரிலுள்ள மலேசியத் தூதரகத்தின் அவசர எண், பினாங்கு பள்ளிவாசல் பிலால். தங்கச்சி போனில் மட்டும் இருந்தால் போதாது, சமையலறைக் கதவில் ஒட்டிவைக்கச் சொல்லுங்கள், ஒன்பது வயது மகளுக்கும் படிக்கத் தெரியும்.